கராஜிலிருந்து வந்த கடதாசிகள்

சென்ற வருடம் எங்களூரின் மூத்த ஆசிரியர் ஒருவர் மௌத்தானார். கதைகள் எழுதியவர். பத்திரிகைகளில் வந்தவை பத்துப் பன்னிரண்டுதான். எழுதிவைத்தவை அதைவிடப் பல மடங்கு. நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பின்னர் அவரது மனைவி என்னை உள்ளே அழைத்து ஒரு பெரிய பிஸ்கட் பெட்டியைக் காட்டினார்.

"மகன், இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியா. நீங்க கொண்டுபோய்ப் பாருங்க. புத்தகமாப் போடக்கூடியதப் போடுங்க" என்றார்.

"சரி மாமி" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாற்பத்திரண்டு கொப்பிகள். கதைகள் இருக்கின்றன. கதைகளுக்கு நடுவே வீட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, அந்த மாமியைப் பற்றியுங்கூட அவர் தனக்கென்று எழுதிக்கொண்ட பக்கங்களும் இருக்கின்றன.

இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதிருந்த நாட்களில் நான் துருவித் துருவி வாசித்த இன்னொரு மனிதரின் பெட்டிகளைப் பற்றியது.

டேவிட் பொஸ்டர் வொலஸ் என்ற அமெரிக்க நாவலாசிரியரை நமது சூழலில் அதிகம் பேர் பேசியதில்லை. 1962இல் பிறந்தவர். 1996இல் வெளிவந்த 'இன்பினிட் ஜெஸ்ட்' என்ற நாவல் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. ஆயிரத்து எழுபத்தொன்பது பக்கங்கள். அவற்றுள் ஏறக்குறைய நூறு பக்கங்கள் நாவலின் கடைசியில் வரும் குறிப்புகள், மொத்தம் 388. சில குறிப்புகளுக்குக் குறிப்புகள் வேறு உண்டு. வாசகன் ஒரு விரலை முன்னாலும் ஒரு விரலைப் பின்னாலும் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும். நான் அதை முழுதாகப் படித்து முடித்தேன் என்றால் அது பொய். கொழும்பிலிருந்து நண்பரொருவர் கொண்டுவந்து தந்த பழைய பிரதியில் பாதியைத் தாண்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அவருடைய கட்டுரைகளைத்தான் விரும்பி வாசித்தேன்.

நீண்ட காலம் மனச்சோர்வு நோயால் வருந்திய வொலஸ் 2008 செப்டெம்பரில், 46ஆவது வயதில், கலிபோர்னியாவிலுள்ள தனது வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதியது வீட்டை ஒட்டிய கராஜில். கையெழுத்துப் பிரதிகளையும் குறிப்புகளையும் நூல்களையும் இருட்டும் குளிரும் சிலந்தியும் நிறைந்த அந்த இடத்தில் எவ்வித ஒழுங்குமின்றிப் போட்டுவைத்திருந்ததாக அவரது இலக்கிய முகவர் பொனி நடெல் பின்னர் எழுதினார். அவரும் வொலஸின் மனைவியான ஓவியர் கரன் கிரீனும் பிளாஸ்ரிக் பெட்டிகளுக்கும் மேசை லாச்சிகளுக்கும் நடுவே உட்கார்ந்து, எந்தத் தாள் எந்த நூலுக்குரியது என்று பிரித்து, மார்க்கர் பேனையால் பெயரெழுதி ஒட்டினார்கள். துக்க வீட்டில் இரு பெண்கள் செய்த வேலை அது. ஆவணக் காப்பகம் என்றதும் குளிரூட்டிய அறையும் கையுறை அணிந்த அலுவலர்களும்தான் நம் மனக்கண்ணில் வருகிறார்கள். இந்தக் காப்பகம் தொடங்கியது அந்தக் கராஜின் தரையில்.

2010 மார்ச்சில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹரி ரான்சம் நிலையம் இவற்றை வாங்கியிருப்பதாக அறிவித்தது. ஒஸ்டின் நகரிலுள்ள அந்நிலையம் 1957இல் தொடங்கப்பட்டது. அப்பல்கலைக்கழகத்துக்கு மேற்கு டெக்சாஸில் பெருமளவு தரிசு நிலம் இருந்தது. 1923இல் அதில் எண்ணெய் பீறிட்டது. அதன் பின்னர் கையெழுத்துப் பிரதிகளை வாங்க அவர்களுக்குப் பணப் பஞ்சம் இருக்கவில்லை. கூட்டன்பேர்க் அச்சிட்ட வேதாகமத்தின் ஒரு பிரதி அங்கே இருக்கிறது. நாம் கொண்டாடும் கார்சியா மார்க்கேஸின் கடதாசிகளும் 2014இல் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அமெரிக்க ஏகாதிபத்தியத்தைச் சாடிய கொலம்பியரின் கையெழுத்தைப் பார்க்க இன்று டெக்சாஸுக்குப் போகவேண்டும். இதில் கோபப்பட நியாயம் உண்டு. ஆனால் வொலஸ் அவர்களது சொந்த மண்ணின் எழுத்தாளர், அவரது பெட்டிகள் கலிபோர்னியாவிலிருந்து அதே நாட்டின் இன்னொரு மாநிலத்துக்குத்தான் வந்தன.

அந்தப் பெட்டிகளின் விபரப் பட்டியலைத் தொலைபேசியின் சிறு திரையில் இரவிரவாக வாசித்தேன். இன்பினிட் ஜெஸ்ட்டின் கையெழுத்து வரைவுகள் இருக்கின்றன. ஆறேழு வயதில் அவர் எழுதிய வைக்கிங்குகள் பற்றிய கவிதை ஒன்று இருக்கிறது. அதன் அடியில் 'டேவிட் பொஸ்டர் வொலஸ்' என்று முழுப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பின்னாளில் நூல்களின் அட்டைகளில் வந்த அந்த மூன்று சொற் பெயர் எழுத்தில் கிடைக்கும் முதல் இடம் அதுவாம். நடுவிலுள்ள பொஸ்டர் தாயின் குடும்பப் பெயர். சொற்களைச் சுற்றி வட்டமிட்ட அவரது அகராதி இருக்கிறது. டொன் டிலிலோ, கோர்மக் மக்கார்த்தி, அப்டைக் முதலானோரின் நூல்கள், ஓரமெல்லாம் அவரது குறிப்புகளோடு இருக்கின்றன.

பள்ளிக்கூட வாத்தியார் என்ற வகையில் என்னை நிறுத்தியது வேறொன்று. அவர் ஆசிரியராக இருந்தபோது எழுதிய பாடத் தாள்களும் அங்கே இருக்கின்றன. 1993 முதல் 2002 வரை இலினொய் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அதன் பின்னர் இறக்கும் வரை கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியிலும் கற்பித்தவர் அவர். 1994இல் முதல் வருட மாணவருக்கு அவர் தயாரித்த பாடத்திட்டத்தில் ஜொய்ஸும் இல்லை, போக்னரும் இல்லை. ஸ்டீபன் கிங், தோமஸ் ஹரிஸ், ஜக்கி கொலின்ஸ்! பஸ் நிலையத்தில் விற்கும் நாவல்கள். ஆனால் இலேசான புத்தகம் என்பதால் இலேசான வகுப்பு என்று எண்ணிவிடவேண்டாம், இவற்றைக் கூர்ந்து வாசிப்பதுதான் கடினம் என்று மாணவர்களை அதே தாளில் எச்சரித்திருக்கிறார். அமெரிக்காவிலேயே கடினமான நாவலை எழுதிக்கொண்டிருந்த மனிதர் வகுப்பில் இப்படி இறங்கிவந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த இலக்கணப் பிடிவாதம் அவருக்குத் தாய் வழியில் வந்தது. தாய் சாலி பொஸ்டர் வொலஸ் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், இலக்கண நூலும் எழுதியவர். பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் பிழையாகப் பேசினால் அவர் திட்டுவதில்லையாம். பொய்யாக இருமத் தொடங்குவார். பிள்ளை பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வரை இருமல் நிற்காது. 2001இல் எழுதிய நீண்ட கட்டுரையொன்றில் வொலஸே இதைச் சொல்லிச் சிரிக்கிறார். இந்தத் தாயை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நான் கலாசாலையில் பயின்ற காலத்தில் நமது சஞ்சிகைகளில் 'ஆசிரியனின் மரணம்' பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்தது. ரோலன் பார்த்தைப் படிக்காதவர்களும் அவர் பெயரைச் சொல்லிச் சண்டை பிடித்தோம். பிரதிதான் உண்டு, எழுதியவன் இல்லை என்று நானும் விடுதி வராந்தாவில் நின்று முழங்கியிருக்கிறேன். வொலஸ் இதே விவாதத்தைப் பற்றி 1990களின் தொடக்கத்தில் ஒரு மதிப்புரை எழுதியிருக்கிறார். கோட்பாட்டாளர் என்ன சொன்னாலும், எழுத்து என்பது ஒரு மனிதன் இன்னொரு மனிதனோடு பேசும் காரியம் என்று நம்பும் சாதாரண வாசகனுக்கு இக்கேள்வி அந்நியமானது என்ற இடத்தில் அவர் அதை முடிக்கிறார். பின்நவீனத்துவக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டவர் எழுதியது இது!

ஆசிரியனே இல்லாவிட்டால் அவனது அகராதியை எதற்குக் காசு கொடுத்து வாங்கவேண்டும்? விபரப் பட்டியலை வாசித்த இரவுகளில் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவர் முடிக்காமல் விட்டுப்போன நாவலின் கதையையும் சொல்லவேண்டும். வரி அலுவலகத்தில் வேலை செய்வோரின் சலிப்பைப் பற்றி எழுத அவர் கணக்கியல் வகுப்புகளுக்கே போய்ப் படித்தவர். கராஜிலிருந்த மேசையின் மேல் சுமார் 250 பக்கங்கள் மட்டும் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஏனையவை கோவைகளிலும் கொப்பிகளிலும் கணினித் தட்டுகளிலும் சிதறிக் கிடந்தன. பதிப்பாசிரியர் மைக்கல் பீச் நியூயோர்க்கிலிருந்து வந்து ஒரு பயணப் பையும் இரண்டு கடைப் பைகளும் நிறைய அள்ளிக்கொண்டு போனார். எந்த அத்தியாயம் எங்கே வரவேண்டும் என்பதற்கு எழுதியவரின் பட்டியல் எதுவும் இருக்கவில்லை. அவராகவே அடுக்கி, 2011 ஏப்ரலில் 'த பேல் கிங்' என்று வெளியிட்டார். அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று நூல்களில் அதுவும் ஒன்று. நடுவர்கள் சிபாரிசு செய்தும் அவ்வருடம் நாவலுக்கான பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. அந்தப் பை நிறைந்த கடதாசிகளும் பின்னர் ஒஸ்டினுக்குப் போயின. இன்று ஆய்வாளரொருவர் அங்கே உட்கார்ந்து, பீச் அடுக்கியதைக் கலைத்து வேறு விதமாக அடுக்கிப் பார்க்கலாம். காப்பகத்தின் பெரிய பயன் இதுதான் என்பேன்.

அதே 2011 ஏப்ரலில்தான் மற்றதும் நடந்தது. மரியா புஸ்தில்லோஸ் என்ற எழுத்தாளர் ஒஸ்டினுக்குப் போய், வொலஸின் நூல்களுக்குள் இருந்த உளவியல், சுயமுன்னேற்ற நூல்களைப் புரட்டினார். நோயோடு போராடிய மனிதர் அந்தப் பக்க ஓரங்களில் தன்னைப் பற்றியும் தன் குடும்பத்தைப் பற்றியும் மனந்திறந்து குறித்திருந்தார். புஸ்தில்லோஸ் அதை நீண்ட கட்டுரையாக எழுதினார். பரிவோடுதான் எழுதினார். பல்லாயிரம் பேர் வாசித்தார்கள். அந்தக் குறிப்புகளில் பேசப்பட்ட தாயும் அப்போது உயிரோடு இருந்தார். இருமிக் காட்டிப் பிழை திருத்திய அதே தாய்.

அக்குறிப்புகள் என்ன சொல்லின என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நானும் வாசித்தேன், ஒளிக்கவில்லை. வாசித்துவிட்டுத் திரையை அணைத்து வைத்தேன்.

அதன் பின்னர் உரித்தாளர் தரப்பின் வேண்டுகோளுக்கிணங்க, நூல்களில் ஒரு பகுதி வாசகர் பார்வையிலிருந்து அகற்றப்பட்டது. ஆய்வாளர் சிலர் இதைக் கண்டித்தார்கள். திறந்த கதவை மூடுவது தணிக்கை என்பது அவர்களது வாதம். ஒரு முறை வெளியே வந்ததை மூடி என்ன பயன் என்றும் கேட்டார்கள். இரண்டும் நியாயமான வாதங்களே. என்றாலும் வரைவை எழுதும் பேனையும் ஓரக்குறிப்பு எழுதும் பேனையும் ஒன்றல்ல. முதலாவது என்றாவது ஒரு வாசகனை எண்ணி எழுதுவது. இரண்டாவதை எழுதும்போது அந்த அறையில் வேறு எவரும் இல்லை.

வொலஸ் மிக மதித்த இன்னொரு பரிசோதனைக்காரர் டேவிட் மார்க்சன். 54 பதிப்பாளர்கள் நிராகரித்த 'விட்கன்ஸ்டைன்ஸ் மிஸ்ட்ரஸ்' என்ற அவரது நாவல் 1988இல் வெளிவந்த பின்னர், வொலஸ் அதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பிந்திய நாவல்களுக்கான துணுக்குகளைச் சிறு அட்டைகளில் எழுதி, சப்பாத்துப் பெட்டிகளில் சேர்த்து வைத்தவர் மார்க்சன். 2010 ஜூனில் அவர் இறந்தார். அவரது சொந்த நூல்கள் எந்தக் காப்பகத்துக்கும் போகவில்லை. நியூயோர்க்கின் ஸ்ட்ராண்ட் என்ற பழைய புத்தகக் கடைக்குப் போயின. கடைக்காரர்கள் அவற்றை ஏனைய நூல்களோடு தட்டுகளில் கலந்து வைத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் டிலிலோவின் நாவலை மலிவாக வாங்கிப் பிரித்தபோது ஓரங்களில் மார்க்சன் டிலிலோவை நக்கலடித்திருந்தார். செய்தி பரவ, வாசகர்கள் ஓடிப்போய்த் தட்டுத் தட்டாகத் தேடினார்கள். ஒரே வருடத்தில் ஒருவரின் நூல்கள் பூட்டிய அறைக்குள் போயின, மற்றவருடையவை தெருவுக்குப் போயின. மார்க்சனின் நூலகத்தை எவராலும் இனி ஒன்று சேர்க்க முடியாது. ஆனால் அவரது ஒரு நூலாவது யாரோ ஒரு சாதாரண மனிதரின் தலைமாட்டில் இருக்கிறது. எது நல்லது என்று கேட்டால், இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன்.

எமது பெட்டிக்கு டெக்சாஸிலிருந்து எவரும் வரமாட்டார்கள். கறையானுக்கும் எனக்கும் இடையில்தான் போட்டி. கதைக் கொப்பிகளை இந்த விடுமுறையில் பிரதி எடுக்கத் தொடங்கிவிட்டேன். பதினேழு கதைகள் தேறும் போலிருக்கிறது. இரண்டு மிக நல்ல கதைகள். வீட்டு விடயங்கள் எழுதிய ஐந்து கொப்பிகளைத் தனியாகக் கட்டி அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். வாசித்தது நான் மட்டுமே. அவை அமானிதம். அவரது அமானிதமா, மாமியின் அமானிதமா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அப்பக்கங்கள் சிலவற்றில் மாமியைப் பற்றி அவர் எழுதியிருப்பது, உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நான் நினைக்கும் அன்பு.

போன வெள்ளிக்கிழமை மாமியைப் பார்க்கப் போனேன். "எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டீங்களா மகன்?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கிறது மாமி என்று சொல்லிவிட்டு வந்தேன்.