கப்பல் வந்த மாதம், வராத மாதம்

1938இல் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தின் பெரிய உலர்துறை திறக்கப்பட்டது. பிற்பாடு அங்கே துருச் சுரண்டிய என் தாத்தாவுக்குக் கப்பல் வந்தால்தான் ஓவர்டைம். அந்தக் காசு சேர்ந்தால்தான் மனைவியை ஊரிலிருந்து அழைக்க முடியும். ஆனால் 1953 ஆகஸ்டில் வெளியிலிருந்து வருவோரைக் கட்டுப்படுத்தும் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1959 திருத்தமோ, கணவனைப் பிரிந்து ஐந்தாண்டு ஊரிலேயே இருந்த மனைவியரின் வரவையும் தடுத்தது. கையில் காசு சேரட்டும் என்று காத்திருந்த குடும்பங்களுக்கு எத்தனை பெரிய கொடுமை! பாட்டி முன்பே வந்துவிட்டார்.



இப்போது தம்பி டாக்சி ஓட்டுகிறான்; தாத்தாவைப் போலவே அவனுக்கும் மாதத்துக்கு மாதம் வருமானம் மாறும். முதலாளி கட்டும் மத்திய சேமநிதி கிடையாது. அதனால் மனைவியின் நீண்டகால வருகை அனுமதிக்கு அவன் வருமானச் சான்றாகக் காட்டக்கூடியது வருமான வரிக் கணிப்பு அறிக்கைதான். "தீபாவளி மாச வசூலைப் பாக்காதடா. வண்டி வாடகை, பெட்ரோல் கழிச்சு, முழு வருசத்தையும் பன்னிரண்டால வகு" என்றேன்.