கட்டுரை எழுதிக் காட்டிய மலாக்காக்காரர்



‘மலாக்காக் கோட்டை’ என்று தலைப்புக் கொடுத்தால், ஆண்டுகளை அடுக்கி அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறீர்கள். அந்தக் கோட்டை இடிபட்டதைக் கண்ணால் பார்த்து எழுதிய ஒருவர் நம் மலாக்காவிலேயே இருந்தார், தெரியுமா?

அவர்தான் முன்ஷி அப்துல்லா. 1796-இல் இங்கே பிறந்தவர். அவருடைய முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து, பிறகு இங்கே குடியேறியவர்கள். சிறு வயதில் தமிழும் படித்தார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது அன்றைய மலாக்காவில் வழக்கமாம். (தமிழ் எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்!)

1807-இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தபோது அவர் உங்களைப் போன்ற சிறுவர். 1849-இல் அச்சான ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்னும் மலாய் நூலில் அதை எப்படிச் சொல்கிறார், பாருங்கள். கோட்டைக்குள் பேய் இருக்கிறதென்று வேலையாட்கள் நடுங்கியது, பர்க்குவார் துரை குதிரைமேல் வந்து வெடிமருந்துத் திரிக்கு நெருப்பு வைத்தது, யானை பருமன் கற்கள் பறந்து கடலில் விழுந்தது, எல்லாம் வருகிறது. இன்று மிஞ்சி நிற்பது ஒரு வாசல்தான். மற்றதை அவர் எழுத்தில்தான் பார்க்கலாம்.

நம் தோட்டங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பெரட்டு எத்தனை மணிக்கு, இருட்டில் எந்த வெளிச்சத்தில் மரம் வெட்டினார்கள், ஒட்டுப்பாலை என்ன செய்தார்கள் என்று பாட்டியிடம் கேளுங்கள். ‘எங்கள் தோட்டம் எழில்மிக்கது’ என்கிற வரியெல்லாம் எனக்கு வேண்டாம். பாட்டி சொன்ன பேச்சிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். பிழை திருத்துவது என் வேலை.