பிசின் போன பாதை

வேல மரத்தின் பட்டையில் வெட்டு விழுந்தால் சில நாட்களில் அந்த இடத்தில் தேன் நிறத்தில் ஒரு துளி கசியும். வெயிலும் காற்றும் பட்டு அது உருண்டு இறுகும். மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளச் சுரப்பது அது. பிசின் என்கிறோம், கோந்து என்கிறோம். இதே குடும்பத்து மரம் ஒன்று சூடானின் வறண்ட காடுகளில் தரும் அரபிக் கோந்து கப்பலேறி உலகமெங்கும் போகிறது. வாட்டர் கலர் கட்டியில் நிறப்பொடியைச் சேர்த்துப் பிடித்திருப்பதும் அதுதான்.

மைசூரில் அது வந்து சேரும் இடம் தேவராஜ மொஹல்லா. குங்குமத்தைக் கோபுரமாகக் குவித்திருக்கும் தேவராஜ மார்க்கெட்டும் ஜகன்மோகன் அரண்மனையும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடையை இங்கே ‘கிரந்திகெ அங்கடி’ என்பார்கள். பிசின் அங்கே எடை போட்டு வாங்கும் சரக்கு. ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே மரப்பட்டைத் துணுக்கு ஒன்று சிக்கியிருக்கும்.

இனி அதன் பயணம் மைசூர் ஓவியம் தீட்டுபவரின் கிண்ணத்தில். ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் கரைந்திருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, சபேதா எனப்படும் துத்தநாக வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைக்க வேண்டும். பிசின் கூடினால் காய்ந்ததும் வெடிக்கும்; குறைந்தால் பொடியாக உதிரும். பக்குவம் கைக்குத்தான் தெரியும்.

பலகையில் ஒட்டிய காகிதத்தின் மேல், புளியங்குச்சியை இரும்புக் குழாயில் வைத்துச் சுட்ட கரியால் முதலில் கோடு போடுவது பழைய வழக்கம். அந்தக் கோட்டின் மேல் மெல்லிய தூரிகையால் குழம்பை இழை இழையாக ஏற்றுவார்கள்: அம்மனின் ஒட்டியாணம், தூணின் பூ வேலை, புடவைக் கரை. அது காய வேண்டும். பிறகு மறுபடி பிசின் தடவித் தங்கத் தாளை ஒட்ட வேண்டும். அதுவும் காய வேண்டும். அப்புறம்தான் வண்ணம். கடைசியில் ஓவியத்தின் மேல் மெல்லிய காகிதம் பரப்பி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். தங்கம் மெல்ல மினுங்கத் தொடங்கும்.

இன்றைக்குப் பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கலையை ‘மிக்ஸ்ட் மீடியா’ என்று சொல்லி, மனம் அமைதியடையச் செய்து பாருங்கள் என்கிறார்கள். மரம், காகிதம், கரி, உலோகம், சாயம் எல்லாம் சேர்ந்த மைசூர் ஓவியம் தலைமுறைகளாக அதுவேதான். தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு தடிமனாக எழும், கற்கள் பதிக்கப்படும்; மைசூரில் மேடு மெல்லியது, கோடு நுணுக்கமானது. இரண்டிலும் வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது பிசின். அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஓவியத்துச் சங்கிலி ஒன்றின் முப்பது மணிகளைத் தூரிகையால் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூச்சு தானாகவே தூரிகையின் நிதானத்துக்கு இறங்கிவிடும். மனதை அடக்க நாம் தனியாக எதுவும் செய்வதில்லை. காயாத கோடு நம்மை அடக்கிவைக்கிறது.

மைசூர் ஓவியத்துக்குப் பெரும் ஆதரவு தந்தவர் மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவரோ நூல்களிலும் ஓவியத்திலும் கஞ்சீபா சீட்டுகளிலும் ஆழ்ந்தார். தெய்வ வடிவங்களைப் படங்களோடு சொல்லும் ‘ஸ்ரீதத்துவநிதி’ அவர் பெயரில் வந்தது. 1861இல் ஜகன்மோகன் அரண்மனை எழுந்தது. ராஜ்யத்தை இழந்த ஒருவர் கோடுகளையும் வண்ணத்தையும் துணையாக்கிக்கொண்டார் என்றே அந்த வாழ்க்கையை நான் வாசிக்கிறேன்.

அதே அரண்மனை 1915 முதல் கலைக்கூடம். மைசூர் ஓவியத்தின் முன்னே நேராக நின்றால் தங்கம்தான் தெரியும். ஓரமாக நகர்ந்து, சாய்வாகப் பாருங்கள். நகையின் ஒவ்வொரு கோடும் மயிரிழை அளவு மேடாக நிற்பது தெரியும். அந்த மேட்டுக்குள் இருக்கிறது, எங்கோ ஒரு மரம் தன் காயத்துக்குப் போட்ட கட்டு.