கூத்துக்கு வந்த பத்து மணிக் கண்டம்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கம் பங்குனி பிறந்தாச்சுன்னா திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் ஆரம்பிச்சிடும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. ஊர் சாப்பிட்டு முடிச்சு பத்து மணி வாக்கில் களரி கட்டினால், விடிகிற வரைக்கும் ஓடும். ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்கர் செஞ்சி பக்கத்து மேலச்சேரியில் தொடங்கி இந்த வழிபாட்டைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார் (1988). நம்ம ஆட்கள் எத்தனை பேருக்கு மேலச்சேரி தெரியும்? சரி, அது வேற கதை.

சபாவில் ஒரு செல்போன் அடிச்சாலே வித்வான் முறைக்கிறார். வெட்டவெளிக் கூத்தில் அதெல்லாம் ஒரு தடங்கலா என்ன? தீவட்டிக் காலத்தில் காத்து, பெட்ரோமாக்ஸ் காலத்தில் மேன்டில் உடையறது, டியூப்லைட் வந்ததும் கரண்ட் கட். தூறல் போட்டால் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கிடும், மறுபடி தட்டி ஏத்தணும். நடுவுல ஒருத்தர் பத்து ரூபாய் கொடுத்தால் அர்ஜுனனே நின்னு அவர் பேரைச் சொல்லணும் :-)

இதையெல்லாம் சமாளிக்கத்தான் கட்டியங்காரன் இருக்கான். அவன் கதைக்குள்ளேயும் இருப்பான், வெளியேயும் இருப்பான். ஹார்மோனியம் கட்டையை அழுத்திக்கிட்டே இருக்க, ரெண்டு நக்கல் அடிச்சு நேரத்தை ஓட்டிடுவான்.

பெரிய தடங்கல் துகிலுரிதல் அன்னிக்கு. புடவையைத் தொடுறதுக்கு முன்னாடி துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏத்தி அம்மன்கிட்ட மன்னிப்பு கேட்பார். கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்துடும். பாட்டு நிக்கும், விபூதி போடுவாங்க, ஆசுவாசமானதும் விட்ட அடியிலேயே திரும்ப எடுப்பாங்க. கூத்து நின்னுபோச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதுவும் கூத்துதான்.

ஆனா ஒரு தடங்கலுக்குக் கட்டியங்காரன்கிட்டயும் பதில் கிடையாது. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்துச்சு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருஷத்துக்கு 15 நாள் மட்டும் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். 2005-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சுது. கூத்து நடக்கிற நேரமும் அதே பத்து முதல் ஆறுதான்! சட்டத்தைக் குத்தம் சொல்லவும் மனசு வரல. நோயாளிகள், பரீட்சைக்குப் படிக்கிற பசங்க இருக்காங்க. ஆளுயர பாக்ஸ் வச்சு சினிமா பாட்டு அலறவிட்டவங்களுக்குப் போட்ட கடிவாளம் கூத்தையும் சேர்த்து இழுத்துது. சில மாசச் சம்பாத்தியத்தை நம்பியிருக்கிற கலைஞர்களுக்கு 2020 ஊரடங்கு ஒரு சீசனையே விழுங்கினது தனி.

மைக் இல்லாமலே ஆடலாமேன்னு கேட்கலாம். ஆடினவங்கதான். முகவீணையின் கீச்சுக் குரலும், தொண்டை கிழிய உச்சத்தில் பாடுற பழக்கமும் திறந்தவெளியில் கடைசி வரிசை வரை எட்டணும்கிறதுக்குத்தானே இருந்துது. மைக் வந்த பிறகு அந்தக் குரல் தேவைப்படல. முகவீணை வாசிக்கத் தெரிஞ்சவங்களும் குறைஞ்சுட்டாங்க.

திண்டிவனம் பக்கம் ஒரு ஊரில் நான் பார்த்த கூத்தில் நடுராத்திரி போலீஸ் வந்து மைக்கை நிறுத்தச் சொல்லிட்டாங்க. துரியோதனன் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு வெறும் தொண்டையில் பாட ஆரம்பிச்சார். பின்னாடி இருந்த இளவட்டம் பைக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுச்சு. பாட்டிகள் மட்டும் பாயைச் சுருட்டிக்கிட்டு வந்து முன்னாடி விரிச்சாங்க.