வெள்ளோட்டம்: சாமி ஏறாத தேர்

தஞ்சைப் பெரிய கோயில் தேர், நூறாண்டு இடைவெளிக்குப் பிறகு 2015 ஏப்ரலில் ராஜவீதிகளில் மறுபடி ஓடியது. ஊரே திரண்டு வடம் பிடித்த அந்த நாளுக்குச் சில நாள் முன்பே, அதே புதுத்தேர் அதே வீதிகளை ஒருமுறை சுற்றி வந்துவிட்டது. அன்று உற்சவமூர்த்தி ஏறவில்லை. வீதியில் உருண்டது வெறும் மரமும் இரும்பும். அதற்குப் பெயர் தேரோட்டம் இல்லை, வெள்ளோட்டம்.

இந்தப் பழைய சொல்லை இப்போது எடுக்கக் காரணம் புதிய வகை மின்னஞ்சல் ஒன்று. முன்பின் தெரியாத ஒருவர் எழுதுவார்: ஒரு செயலி செய்திருக்கிறேன், இன்னும் வெளியிடவில்லை, நீங்கள் இறக்கிப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். மோசடியாக இருக்குமோ என்று அழித்துவிடுகிறோம். சிலது மோசடிதான். ஆனால் எல்லாமே அப்படியில்லை. 2023 நவம்பருக்குப் பிறகு கூகுள் பிளேயில் தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர், தம் செயலியைப் பொதுவில் வைக்கும் முன் குறைந்தது 20 பேரிடம் கொடுத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. அடுத்த ஆண்டு கடைசியில் 20 பேர் 12 ஆனார்கள். பன்னிரண்டு பேருக்குத் தனியாள் எங்கே போவார்? நண்பன், நண்பனின் மாமா, என்றோ ஒரு கூட்டத்தில் முகவரி கொடுத்தவர் என்று வலை விரிகிறது. திடீரென்று வரும் அழைப்புகளில் ஒரு பங்கு அப்படி வருவதுதான்.

அழைப்பில் இருக்கும் சொல் ‘பீட்டா’. தமிழில் எழுதுகிறவர்கள் சோதனைப் பதிப்பு என்கிறார்கள், சிலர் முன்னோட்டம் என்கிறார்கள். முன்னோட்டம் எனக்கு ஒட்டவில்லை. அது சினிமாக்காரர்கள் ஆசை காட்ட விடுவது, பார்ப்பவனுக்காக நடப்பது. ஒத்திகையோ, ஆடுகிறவனுக்காக நடப்பது. பொருளையே ஓடவிட்டு அதன் குறையைப் பார்ப்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல் வெள்ளோட்டம். புதுத்தேருக்கும் புதுக்கப்பலுக்கும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறோம். மெட்ரோ ரயிலுக்குச் செய்தித்தாள்கள் ‘சோதனை ஓட்டம்’ என்று எழுதத் தொடங்க, வெள்ளோட்டம் மெல்லத் தேரடியோடு நின்றுவிட்டது. அதை மின்னஞ்சல் பெட்டி வரை இழுத்து வரலாமா என்று பார்க்கச் சொல்லைப் பிரிக்க வேண்டும்.

காவிரிக்கரைக்காரர்கள் காதில் அது வெள்ளம் என்று விழும். வெள்ளத்தில் படகை விட்டுப் பார்ப்பது வெள்ளோட்டம் என்று ஒரு விளக்கம் சொன்னால் அழகாகவே இருக்கும். இலக்கணம் இடம் தராது. வெள்ளமும் ஓட்டமும் சேர்ந்தால் வெள்ளவோட்டம் என்றாகும். வெள் என்ற அடியோடு ஓட்டம் சேரும்போதுதான் தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டித்து வெள்ளோட்டம் வரும். வயலுக்கு நாம் சொல்லும் வெள்ளாமையும் உறவில்லை. அது வேளாண்மை தேய்ந்து வந்தது.

வெள் என்றால் வெண்மை. ஆனால் தேருக்கு யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. இங்கே வெண்மைக்கு இன்னொரு முகம்: உள்ளே ஒன்றும் இல்லாதது. எழுதாத ஓலை வெள்ளோலை. ஆழமில்லாத அறிவு வெள்ளறிவு. திருக்குறளின் புல்லறிவாண்மை அதிகாரத்தில் வெண்மை என்ற சொல்லே அறிவின்மையைக் குறிக்கிறது. கள்ளம் இல்லாதவனை வெள்ளந்தி என்கிறோம். பழந்தமிழில் கானலுக்கு ஒரு பெயர் வெண்தேர். கண்ணுக்குத் தேர் போலத் தெரியும், கிட்டே போனால் ஒன்றும் இருக்காது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் வெள்ளோட்டம் என்பது வெறும் ஓட்டம், ஏற வேண்டியவர் ஏறாத ஓட்டம். இந்தச் சொல்லின் சாரம் சோதனையில் இல்லை, அந்த வெற்றிடத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஏன் வெறுமையாக ஓட்ட வேண்டும்? தேர் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நேர் வீதியில் தேர் தானே போகும், மூலையில்தான் வம்பு. திருவாரூர் ஆழித்தேர் ஏறக்குறைய 300 டன். அந்த எடையைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை. ஊருலகத்தில் முட்டுக்கட்டை என்றால் தடை, தேரடியில் அது கைத்திறன். சக்கரம் உருண்டு வரும்போதே ஒருவர் குனிந்து, கட்டையை எந்தச் சாய்வில் செருகினால் தேர் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று கணித்துச் செருகிவிட்டு, கையையும் காலையும் இழுத்துக்கொள்ள வேண்டும். திருச்சி பெல் நிறுவனம் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் நகராது. புதுத்தேரின் அச்சு எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவருக்கு வெள்ளோட்டத்தில்தான் பிடிபடும். தெருவையும் அன்றைக்கே பார்க்க வேண்டும்: கடைக்காரர் நீட்டிய கூரை, புதிதாகப் போட்ட சாக்கடை மூடி, மேலே மின்கம்பி. 2022 ஏப்ரல் 27 அன்று விடியும் முன், தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள்.

இனி பீட்டாவின் பக்கம். ஐபிஎம் நிறுவனத்தில் கணினி வன்பொருளுக்கு ஏ சோதனை, பி சோதனை என்று நடத்திய பழக்கம் கிரேக்க வேடம் போட்டு ஆல்ஃபா, பீட்டா ஆனது என்பார்கள். ஆல்ஃபா உள்ளே, நிறுவனத்தாரிடமே. பீட்டா வெளியே, பயன்படுத்தப் போகிறவர்களிடம். கிரேக்க எழுத்துகள் பினீசியரிடம் வாங்கியவை. அங்கே முதல் எழுத்தின் பெயருக்கு மாடு என்றும் இரண்டாவதற்கு வீடு என்றும் பொருள். ஆக, வெளியே அனுப்பும் சோதனைக்கு வீடு என்று பெயர் வாய்த்திருக்கிறது. இதில் தத்துவம் ஒன்றும் இல்லை, ஆனால் மாட்டை உள்ளே வைத்துக்கொண்டு வீட்டை வெளியே அனுப்புகிறார்களே என்று சிரிப்பு வருகிறது.

அழைப்பு மடல் என்பதை ஊரறியச் செய்தது ஜிமெயில். 2004 ஏப்ரல் 1 அன்று வந்தது. ஹாட்மெயில் 2 மெகாபைட் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 1 ஜிகாபைட் என்றதும், முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் கணக்கு. அந்த அழைப்புகளை இபேயில் விலை வைத்து விற்றார்கள். 2007 பிப்ரவரியில் எல்லோருக்கும் கதவு திறந்தது. ஆனால் சின்னத்தின் அடியில் இருந்த ‘பீட்டா’ 2009 ஜூலை வரை போகவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் சோதனை! அந்த ஐந்தாண்டும் அதில் போனவை பொம்மைக் கடிதங்களா? வேலைக்கு விண்ணப்பம், கல்யாணப் பேச்சு, வங்கித் தகவல். உற்சவரை ஏற்றி, அலங்காரம் செய்து, நான்கு வீதியும் சுற்றிவிட்டு, இது சோதனைதான் என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

அதனால் எல்லாப் பீட்டாவையும் வெள்ளோட்டம் என்று மொழிபெயர்க்க எனக்கு மனமில்லை. பழைய கைப்பேசியில் வெற்றுக் கணக்கு தொடங்கி, போலிப் பெயரும் எண்ணும் கொடுத்துப் பார்க்கிறீர்கள் என்றால் அது வெள்ளோட்டம். உங்கள் தொடர்புப் பட்டியலும் படங்களும் வங்கிக் கணக்கும் கேட்டுக்கொண்டு வரும் பீட்டா தேரோட்டம்தான். வடம் அறுந்தால் விழுகிறவர் நீங்கள்.

காவிரி டெல்டாவில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு, அது நெல்லில் இருக்கிறது. 1922இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் புது நெல்லை ஒரே நாளில் வெளியிடுவதில்லை. நிலையத்து வயலில் தேறிய வளர்ப்பை, அதாவது இன்னும் ரகமாகப் பெயரிடாத நெல்லை, பல ஊர்களுக்கு அனுப்பி, பிறகு உழவர் வயலிலும் போட்டுப் பார்ப்பார்கள். வேளாண் அலுவலர் சின்ன விதைப்பையோடு வந்து நிற்பார். பையில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். வாங்குகிறவர் விவரம் தெரிந்தவர் என்றால் மேலவரப்பு ஓரமாகச் சில சென்ட் ஒதுக்குவார். மற்றதெல்லாம் வழக்கமான நெல்தான். பயிர் மெய்யான பயிர், மண்ணும் தண்ணீரும் மெய். பணயம் மட்டும் சில சென்ட். இதை வெள்ளோட்டம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. போட்டுப் பார்ப்பது என்று சொல்வார்கள். அந்த வினை போதுமானதாக இருக்கிறது.

இப்படிச் சோதனைக் காலத்தில் ஒட்டிய எண் பிறகு போகாமல் நிற்பதும் உண்டு. ஒடிசாவின் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஒரு வளர்ப்பு சி.ஆர். 1009. அங்கே சாவித்திரி என்று பெயர் சூட்டினார்கள், தமிழ்நாட்டில் பொன்மணி என்றார்கள். பொன்னியின் கரைக்குப் பொன்மணி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சம்பாப் பட்டத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் அந்த நெல்லை டெல்டாவில் சி.ஆர். ஆயிரத்தொன்பது என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். பின்னால் வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் மரபணுவை அதில் சேர்த்தபோது விஞ்ஞானிகளும் பொன்மணியை விட்டுவிட்டார்கள். புது ரகத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் சி.ஆர். 1009 சப் 1.