கற்க இயலாமையா, கற்க விடாமையா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு விகிதம் 80 விழுக்காடு. சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 73, நாமக்கல்லில் ஏறத்தாழ 75. இந்த எண்களுக்குள் தனியே எண்ணப்படாத ஒரு பிரிவினர் உள்ளனர்: பள்ளியும் மறுக்கப்பட்டு, கற்றல் குறைபாடும் கொண்ட வயது வந்தோர்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அடங்கும். இவற்றைக் குழந்தைகளிடம் விரைந்து கண்டறிய வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. வயது வந்தோர் கல்வியில் மாற்றுத்திறனாளிகள் பிறருக்கு இணையாகப் பங்கேற்பதை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு. ஆனால் பெரியவர்களிடம் குறைபாட்டைக் கண்டறியும் பொறுப்பை அப்பிரிவு எவருக்கும் தரவில்லை.

மருத்துவ வரையறையும் இங்கே தடையாகிறது. போதிய கற்பித்தல் கிடைத்தும் வாசிக்கத் தடுமாறுவோருக்கே இக்குறைபாடு உறுதி செய்யப்படுகிறது. சிறு வயதிலேயே விசைத்தறிக்கோ கோழிப்பண்ணைக்கோ அனுப்பப்பட்ட அருந்ததியர் பெண் ஒருவர் இதை எவ்வாறு மெய்ப்பிப்பார்? பள்ளியைப் பறித்த சாதி, குறைபாட்டுக்கான சான்றையும் பறித்துவிடுகிறது. எஞ்சுவது 'மண்டையில் ஏறாது' என்ற பழிச்சொல் மட்டுமே.

சான்றிதழுக்காகக் காத்திராமல் எழுத்தறிவு மையங்கள் செய்யக்கூடியவை பல. முதலில் பார்வையையும் கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். நாற்பதைக் கடந்த பலருக்கு வாசிப்புக் கண்ணாடியே முதல் தேவை. ல, ள, ழ போன்றவற்றை ஒரே நாளில் கற்பிக்காமல், ஒன்று பதிந்தபின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். மெய்யின் இருபுறமும் குறி நிற்கும் 'கொ', 'கோ' வரிசைக்குக் கூடுதல் நாட்கள் தேவை. கற்பவரின் பெயர், ஊர், பேருந்துப் பலகை, கூலிக் கணக்கு ஆகியவற்றிலிருந்து பாடம் தொடங்கலாம். மணலில் விரலால் எழுதுவதும், ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே வாசிப்பதும் உதவும். பலர் முன்னிலையில் உரக்க வாசிக்கச் சொல்லி எவரையும் கூசவைக்கக் கூடாது.

2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வு 150 மதிப்பெண்களுக்கானது. வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகியவற்றுக்குத் தலா 50. அதில் கூடுதல் நேரமும் வாய்மொழியாக விடையளிக்கும் வாய்ப்பும் குறைபாடு உள்ளோருக்கு உரிமையாக வேண்டும். தன்னார்வலர்களுக்கு இதற்கெனப் பயிற்சி தரப்பட வேண்டும். வகுப்புகள் வேலை முடிந்த நேரத்தில், சேரிக்குள்ளேயே நடக்க வேண்டும்.

முன்பணச் சீட்டில் எழுதப்பட்ட தொகையைத் தானே படித்தறிய முடியாத தொழிலாளி, கணக்கை எழுதியவரின் சொல்லை நம்பியே வாழ வேண்டியிருக்கிறது. அவருக்கு எழுத்து சலுகை அன்று. கூலியைக் காக்கும் உரிமை.