ஊலாங் தேயிலை: பிறந்த மலையும் பரந்த கடலும்

வங்கத்தில் வாழும் தமிழராகிய நாம் நாள்தோறும் செவியுறும் ஒரு சொல் வேறுபாட்டை நின்று ஆராய்ந்தவர் சிலரே ஆவர். அண்டை வீட்டார் 'சா' என்கின்றனர். வடவர் 'சாய்' என்கின்றனர். நாமோ 'தேயிலை' என்றும் 'தேநீர்' என்றும் வழங்குகின்றோம். பொருள் ஒன்றாக இருக்கப் பெயர் இரண்டானது எவ்வாறு? சீனத்தில் அதற்குரிய எழுத்து ஒன்றே. ஒலிப்பு மட்டும் பகுதிக்குப் பகுதி வேறுபடும். காண்டன் துறைமுகத்தாரும் வடசீனரும் அவ்வெழுத்தைச் 'சா' என்று ஒலிப்பர். தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியன் மாநிலத்தின் தென்பகுதியில், அமோய்த் துறைமுகத்தைச் சார்ந்து வாழ்வோர் 'தே' என்று ஒலிப்பர். தரைவழியே சென்ற தேயிலை 'சாய்' என்னும் பெயர் பூண்டு பாரசீகம் முதலிய நாடுகளை அடைந்தது. டச்சு வணிகர் கப்பலேற்றிய தேயிலை 'தே' என்னும் பெயரோடு ஐரோப்பாவுக்குச் சென்றது. நம்முடைய சொல்லும் கடல்வழி வந்த அந்தத் 'தே'யின் வழிப்பட்டதேயாம். தேன் போல் இனித்தலால் தேநீர் ஆயிற்று என்று பொருள் விரிப்பாரும் உளர். அது நயமுடையதேயன்றி உண்மையுடையதன்று.

அந்தத் 'தே' ஒலிக்கும் நாடே ஊலாங் தேயிலையின் தாயகம் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அந்நாடு தமிழர்க்கு முற்றிலும் புதியதும் அன்று. அப்பகுதியின் பழைய பெருந்துறையாகிய சூவன்சௌ நகரில் 1281-ஆம் ஆண்டில் தமிழ் வணிகர் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தனர். சகம் 1203 எனக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்குக் கண்டெடுக்கப்பட்டுள்ளது. திருக்கதலீச்சரம் என்னும் பெயரும், அதனை எழுந்தருளுவித்த சம்பந்தப் பெருமாள் பெயரும் அதில் விளங்குகின்றன. ஊலாங் தேயிலைக்குப் பெயர் பெற்ற அன்ஷி வட்டாரம் அந்நகருக்குப் பின்னே உள்ள மலைநாடேயாகும். எனினும் அத்தமிழ் வணிகர் ஊலாங் பருகியிருப்பர் என்று கூறுதல் இயலாது. ஏனெனில், அக்காலத்தில் ஊலாங் தோன்றவேயில்லை.

தேநீர் வரலாற்றில் தமிழரை வலிந்து நுழைக்கும் மற்றொரு கதையும் உண்டு. காஞ்சியிலிருந்து சென்றதாகக் கூறப்படும் போதிதருமர், தியானத்தில் உறக்கம் வந்தமையால் தம் இமைகளை அறுத்தெறிந்தார் என்றும், அவை வீழ்ந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்றும் சொல்லுவர். கேட்பதற்கு நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆயின், கி.மு. 59-ஆம் ஆண்டைச் சேர்ந்த சீன நூலொன்றிலேயே தேயிலையைப் பற்றியதெனக் கொள்ளப்படும் குறிப்பு உள்ளது. போதிதருமர் சீனம் சென்றது அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்ட செய்தி. இமைக்கதையை விட்டுவிடுதலே நேர்மை.

தொடக்கத்தில் சீனர் தேயிலையை இன்று போல் வெந்நீரில் ஊறவைத்துப் பருகவில்லை. எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்பார் தேயிலைக்கென முதல் நூலை யாத்த காலத்தில், இலையை அவித்து இடித்து வில்லைகளாக்கி, அவ்வில்லையைப் பொடித்துக் கொதிநீரிலிட்டுக் காய்ச்சினர். சுங் மரபின் பேரரசர் ஹுவெய்சுங், தாமே 1107-ஆம் ஆண்டளவில் தேயிலை பற்றி நூல் செய்தவர். அவர் காலத்தில் வடஃபூஜியனிலிருந்து அரண்மனைக்குத் திறையாகச் சென்ற வில்லைகள் பொன்னினும் அரியனவாக மதிக்கப்பட்டன. மங்கோலியர் ஆட்சியில் 1302-இல் வூயி மலையில் அரசத் தேயிலைத் தோட்டமே அமைக்கப்பட்டது. இத்தகைய ஆடம்பரத்தின் சுமை முழுவதும் உழவர் தோள்மீது வீழ்ந்தது. ஏழை உழவர் குடியில் பிறந்து அரியணை ஏறிய மிங் மரபின் முதல் பேரரசர் 1391-இல் வில்லைத் திறையை நிறுத்தி, இனி உதிரி இலையே போதும் என ஆணையிட்டார். அந்த ஓர் ஆணையால் சீனத்தின் தேநீர் முறையே மாறிற்று. இடிகல்லும் பொடியும் போய்க் குடுவையும் இலையும் வந்தன. வூயி மலையின் அரசத் தோட்டமோ பதினாறாம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் பாழ்பட்டது.

அரசர் கைவிட்ட மலையில்தான் ஊலாங் பிறந்தது. செங்குத்தான பாறைகளின் பிளவுகளில் ஒரு கைப்பிடி மண் உள்ள இடத்திலெல்லாம் செடி நட்டு, அதனைப் பேணி வந்தவருள் மலைக்கோயில் துறவியர் பலர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மலையில் துறவு பூண்டு வாழ்ந்த சாவ்சுவான் என்னும் துறவி வூயித் தேயிலையைப் பற்றியும் அன்ஷித் தேயிலையைப் பற்றியும் பாடல்கள் இயற்றினார். அன்ஷியார் வூயி முறையைப் பின்பற்றி இலையைப் பக்குவம் செய்தனர் என்பது அவர் தரும் செய்தி. அன்ஷி மக்கள் இதனை எளிதில் ஒப்புவதில்லை. தம் ஊர் வேடன் ஒருவன் இலை பறித்துத் திரும்பும்போது மானைத் துரத்திக் கூடையைக் குலுக்கிக்கொண்டே ஓடினான் என்றும், மறுநாள் பார்க்க இலையின் ஓரம் சிவந்து மணம் வீசிற்று என்றும், அவன் பெயரே தேயிலைக்கு ஆயிற்று என்றும் அவர்கள் கூறுவர். 'ஊலாங்' என்னும் சொற்குக் கரிய டிராகன் என்பதே நேர்ப்பொருள். சுருண்டு கறுத்த இலையின் தோற்றம் அதற்குப் பொருந்தும். துறவியின் பாடல் காலத்தால் முந்தியது. வேடன் கதையோ வாய்வழக்கு. ஆதலின் முதன்மையை வூயி மலைக்கே நாம் தருகின்றோம்.

எனினும் அவ்வேடன் கதையில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. கூடை குலுங்கியதே ஊலாங்கின் உயிர்நிலை. பறித்த இலையை உடனே வறுத்துவிட்டால் அது பச்சைத் தேயிலை. நன்கு கசக்கி முழுதும் சிவக்க விட்டால் அது நாம் பாலிட்டுப் பருகும் கறுப்புத் தேயிலை. ஊலாங் இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. இலையை முதலில் வெயிலில் சிறிது வாட்டுவர். பின் நிழலில் ஆற்றுவர். அதன்பின் மூங்கில் தட்டுகளிலிட்டு மெல்லச் சுழற்றிக் குலுக்குவர். குலுக்கும்போது இலையின் ஓரங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து கன்றும். கன்றிய இடத்தில் இலைச்சாறு காற்றோடு கலந்து சிவக்கும். நடுப்பகுதியோ பசுமையாகவே நிற்கும். சிறிது நேரம் ஆறவிட்டு மீண்டும் குலுக்குவர். இவ்வாறு இரவெல்லாம் செய்து, பச்சை வாடை நீங்கி மலர்மணம் எழும் கணத்தில் சூடான இரும்புச் சட்டியிலிட்டு வறுத்துச் சிவத்தலை நிறுத்துவர். பின்னர் உருட்டிக் கரியனலில் வாட்டுவர். இதனைப் புளிக்க வைத்தல் என்று பலரும் எழுதுகின்றனர். தயிர் புளிப்பது போன்ற நுண்ணுயிர்ச் செயல் எதுவும் இங்கு இல்லை. அறுத்து வைத்த வாழைக்காய் கறுப்பதற்குக் காரணமான அதே வகை நொதியின் செயலே இது. வறுத்தலும் அனலில் வாட்டுதலும் ஆகிய இரண்டும் வூயித் தேயிலைக்கு உண்டு என்றும், அதன் இலை பாதி பச்சையும் பாதி சிவப்புமாக இருக்கும் என்றும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட குறிப்பை, அவ்வட்டாரத்தில் நடுவராக இருந்த லூ திங்சான் 1734-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக் காட்டியுள்ளார்.

வெயிலின் கடுமை, காற்றின் ஈரம், இலையின் முதிர்ச்சி இவற்றைக் கண்டு குலுக்கும் முறையை நாள்தோறும் மாற்ற வேண்டும். மூக்கும் விரலும் அன்றி வேறு கருவி இல்லை. மழைநாளில் பறித்த இலைக்குச் சிறப்பில்லை என்பதும் இதனாலேயே.

இனி அருந்தும் முறையைக் காண்போம். பெருங்கவிஞர் யுவான் மெய் முதலில் வூயித் தேநீரை வெறுத்தவர். மருந்துக் கஷாயம் போல் கசக்கிறது என்பது அவர் கருத்து. 1786-ஆம் ஆண்டில் தம் எழுபதாவது வயதில் அம்மலைக்குச் சென்றபோது, துறவியர் அவருக்குக் கொட்டை அளவே உள்ள கிண்ணங்களிலும் சிறு கனி அளவே உள்ள குடுவையிலும் தேநீர் அளித்தனர். ஒரே மடக்கில் விழுங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆகவே முதலில் முகர்ந்தார். பின் நாவில் இட்டுச் சுவைத்தார். முன்பு பாராட்டிய பச்சைத் தேயிலைகள் தூயனவேயாயினும் மென்மையுற்றன என்று தம் எண்ணத்தையே மாற்றிக்கொண்டார். அவர் எழுதிய சமையல் நூலில் இச்செய்தி உள்ளது. தேயிலை மாறவில்லை, கிண்ணத்தின் அளவுதான் மாறிற்று.

இம்முறையை முழுக் கலையாக வளர்த்தவர் ஃபூஜியனை அடுத்த சாவ்ஜோ நகரத்தார். காலமும் திறனும் செலவிட்டுச் செய்வது என்னும் பொருளில் அதனைக் 'கொங்ஃபூ' தேநீர் என்பர். சிறு செம்மண் குடுவையை இலையால் பெரும்பாலும் நிரப்புவர். 100 மில்லிலிட்டர் கொள்ளும் குடுவைக்கு 7 அல்லது 8 கிராம் இலை இடலாம். நீர் நன்கு கொதித்ததாக இருத்தல் வேண்டும். பச்சைத் தேயிலைக்கு ஆகாத சூடு ஊலாங்குக்கு இன்றியமையாதது. முதல் நீரை உடனே வடித்துக் கொட்டிவிடுவர். அடுத்த நீர் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் நிற்கலாகாது. பின்வரும் ஒவ்வொன்றுக்கும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுவர். கிண்ணங்களை ஒட்டி வைத்துக் குடுவையை மேலே வட்டமாகச் சுழற்றி ஊற்றுவதற்கு, மூன்று அரசர் காலத்து வீரர் குவான் யூ நகரைச் சுற்றி வருதல் என்று பெயர். கடைசித் துளிகளைக் கிண்ணந்தோறும் சமமாகச் சொட்டுவதற்கு, தளபதி ஹான் சின் படையினரை எண்ணுதல் என்று பெயர். வந்தவர் எத்தனை பேராயினும் மரபுப்படி கிண்ணம் மூன்றே. ஒருவர் பருகியதும் அதனை வெந்நீரில் கழுவி மற்றவர்க்கு அளிப்பர். ஆதலின் ஒருவர்க்கொருவர் முந்துக என்று உபசரித்தலும் தேநீரின் ஒரு பகுதியாயிற்று. பருகியபின் முதலில் சிறு கசப்புத் தோன்றி, பின் தொண்டையில் இனிப்பு மீளும். நெல்லிக்காய் தின்று நீர் பருகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாலும் சர்க்கரையும் இட்டால் இவ்வளவும் வீண்.

பிழைப்பைத் தேடிச் சயாமுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற சாவ்ஜோ மக்கள் இச்சிறு குடுவையையும் உடன்கொண்டு சென்றனர். வடிகட்டியும் டபராவும் சுமந்து இந்நகருக்கு வந்த நம்மவர்க்கு இது வியப்பன்று.

அன்ஷியின் புகழ்பெற்ற ஊலாங்குக்கு 'இரும்புக் குவான்யின்' என்று பெயர். குவான்யின் என்பவர் சீனர் வணங்கும் அருள்தெய்வம், வடமொழியில் அவலோகிதேசுவரர். அகத்தியர்க்குத் தமிழை அறிவுறுத்தியவர் அவலோகிதர் என்று வீரசோழியம் கூறுதலை அறிந்தோர்க்கு இப்பெயர் சிறிது நெருக்கமாகத் தோன்றக்கூடும்.

இந்நாட்டோடு அன்ஷிக்கு உள்ள மெய்யான தொடர்பு 1834-இல் தொடங்கிற்று. தலைமை ஆளுநர் பெண்டிங்க் அவ்வாண்டில் தேயிலைக் குழுவொன்றை அமைத்தார். அதன் செயலாளர் கார்டன் என்பார் சீனம் சென்று, நவம்பர் மாதத்தில் அன்ஷி மலைகளை நேரில் கண்டார். சீனத்திலிருந்து அவர் அனுப்பிய விதைகள் ஹூக்ளிக் கரையில் உள்ள சிப்பூர் தாவரத் தோட்டத்தில் விதைக்கப்பட்டு, ஏறத்தாழ 42,000 நாற்றுகள் முளைத்தன. பெரும்பகுதி அசாமுக்கும் குமாவுன் மலைக்கும் சென்றது. ஒரு சிறு பங்கு தென்னாட்டுக்கு அனுப்பப்பட்டு நீலகிரியையும் எட்டிற்று. விடுமுறை நாளில் சிப்பூர் ஆலமரத்தைக் காணச் செல்லும் நம்மவர், நீலகிரித் தேயிலையின் முன்னோர் சிலர் அங்கு முளைத்தவர் என்பதையும் நினைக்கலாம்.

நாற்று வந்தது, கைத்திறன் வந்து நிலைக்கவில்லை. சீனத் தொழிலாளரை அசாமுக்கு வரவழைத்தது உண்மையே. 1848 முதல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீன உடை அணிந்து வூயி வரை ஊடுருவிச் செடிகளையும் தொழிலாளரையும் கொணர்ந்ததும் உண்மையே. ஆயின் கம்பெனியார் வேண்டியது லண்டன் சந்தைக்கு ஒரே சீரான, மலிவான, மிகுதியான சரக்கு. இரவெல்லாம் இலையைக் குலுக்கி முகர்ந்து பார்ப்பவனுக்கு அக்கணக்கில் இடமில்லை. பின்னர் உருளை இயந்திரங்கள் வந்தன. இந்தியத் தேயிலை கறுப்புத் தேயிலையே ஆயிற்று. குற்றம் செடியுடையதன்று.

தைவான் தீவின் வரலாறு இதற்கு நேர்மாறு. அங்கு ஃபூஜியனிலிருந்து குடியேறியவர்களே செடியையும் தொழிலையும் ஒருங்கே கொண்டுசென்றனர். 1860-களில் ஜான் டாட் என்னும் வணிகர் அன்ஷி நாற்றுகளை வருவித்து உழவர்க்குக் கடனாக அளித்தார். அவருக்குத் துணைநின்றவர் அமோயைச் சேர்ந்த லீ சுன்ஷெங். 1869-இல் 2,131 பிக்கல், அஃதாவது ஏறத்தாழ 128 டன் ஊலாங், இரு கப்பல்களில் நேரே நியூயார்க் சென்றது. இன்றும் அத்தீவு ஊலாங்குக்குப் பெயர்பெற்றது. அங்கு ஒருவகைத் தேயிலைக்கு 'வீம்புத் தேநீர்' என்று பெயர். கோடையில் பச்சைத் தத்துப்பூச்சி கடித்த இலை விலைபோகாது என்று பலர் விட்டுவிட, ஓர் உழவர் அதனையும் பக்குவம் செய்து மிக்க விலைக்கு விற்றாராம். ஊரார் நம்பாமல் வீம்பு என்றனராம். பூச்சி கடித்தவுடன் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களே தேன் போன்ற மணத்தைத் தருகின்றன என்று இன்று ஆய்வாளர் கண்டுள்ளனர். அதனால் அத்தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிப்பதில்லை.

வூயி மலை 1999-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. சீனத் தேயிலைத் தொழில்மரபு 2022-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. அம்மலையில் 'பெரிய செவ்வங்கி' என்னும் பெயருடைய ஆறு பழஞ்செடிகள் பாறைச் சரிவில் நிற்கின்றன. 2006-ஆம் ஆண்டு முதல் அவற்றில் இலை பறிப்பதை நிறுத்திவிட்டனர். இறுதியாகப் பறித்ததில் 20 கிராம் பெய்ஜிங் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அப்பெயரால் கடைகளில் விற்பவை, அச்செடிகளின் கிளைகளை நட்டு வளர்த்தவற்றின் இலையும், பல பாறைத் தேயிலைகளைச் சேர்த்த கலவையும் ஆகும்.